நூற்றிப்பத்தாம் அறை

நொயெமியைப் பட்டறையிலிருந்து துரத்திவிட்டார்கள் என்று சொல்கிற நாக்குகள் கொஞ்சம் அடங்கட்டும். அவளாகத்தான் வெளியே வந்தாள். மெஷினை உடைத்தவள் என்று தோர்த்தியா ரொட்டிக் கடை வரிசையில் நின்று பேசுகிறவர்களில் ஒருத்தியாவது, அந்த மெஷினுக்குள் என்ன நடந்தது என்று கேட்டதுண்டா?

மொந்தெர்ரேய் நகர ஓரத்துப் பட்டறையில் பதினோரு வருடம், இரும்பைக் கடையும் கம்ப்யூட்டர் லேத்துக்கு நிரல் எழுதியவள் அவள். அந்த மெஷினின் ஞாபகத்தில் எண் போட்ட அறைகள் உண்டு. அறையில் ஓர் அளவைப் போட்டுவைத்தால், வேண்டும்போது மெஷின் எடுத்துக்கொள்ளும். ஐந்நூறாம் வரிசை அறைகள் மின்சாரம் போனாலும் வைத்ததைக் காத்து வைத்திருக்கும். நூறாம் வரிசை அணைத்ததுமே காலி. இரும்பைக் குடைந்து துளைக்குள் போன வெட்டு டூல் எவ்வளவு பின்வாங்க வேண்டும் என்ற அளவை நொயெமி ஐந்நூற்றிப்பத்தில்தான் வைத்திருந்தாள்.

அக்டோபரில் மேற்பார்வையாளர் அபெலார்தோ, தன் பழக்கம் நூற்றிப்பத்துதான் என்று நிரலை மாற்றி, அளவைக் கையால் ஒருமுறை தட்டிவிட்டுப் போனார். மூன்று ஷிஃப்டும் ஓடுகிற மெஷின். ஒரு குறையும் தெரியவில்லை. அணைத்தால் அளவு போய்விடும் என்று இவள் போய்ச் சொன்னாள்.

"இந்த மெஷின் என்னைக்கும்மா அணைஞ்சிருக்கு?"

"மாதா திருநாளுக்கு அணைப்பீங்களே, இஞ்சினியரே."

சிரித்தார். மூன்றாம் தடவை கேட்டபோது, "மாத்தியாச்சு, போ," என்றார். அவள் நம்பினாள். திரையைத் திறந்து பார்த்திருக்கலாம். அதை நினைத்துத்தான் இன்றும் பல்லைக் கடிக்கிறாள்.

டிசம்பர் பன்னிரண்டு, குவாதலூப்பே மாதா திருநாள். பட்டறை மாடத்து மாதாவுக்கு ரோஜா, பூசை, எல்லோருக்கும் சோளமாவில் வேகவைத்த தமாலே. மெஷின்கள் அத்தனையும் அணைந்தன. மறுநாள் காலை நொயெமி வந்து ஓட்டினாள். அறை காலி. காலி என்றால் பூஜ்யம் அல்ல. பூஜ்யம் என்றாலும் டூல் அங்கே போய் நின்றிருக்கும். காலியாகக் கண்டால் மெஷின் அந்தக் கட்டளையையே காதில் வாங்காமல் அடுத்த வரிக்குப் போய்விடும். டூல் பின்வாங்காமல் துளைக்குள்ளிருந்தபடியே பக்கவாட்டில் இழுத்தது. அது முறிந்தது, உருப்படியைப் பிடித்திருந்த சக்கின் தாடை தெறித்தது.

மத்தியானம் ஒரு தாளை நீட்டினார்கள். ஓட்டியவளின் கவனக்குறைவு என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால் வேலை உண்டு. நூற்றிப்பத்து என்று மாற்றியது யார் என்று கேட்டாள்.

"நிரல் உன் பேர்லதான இருக்கு," என்றார் அபெலார்தோ.

பக்கத்து லேத்திலும் அதே நிரல்தான். காலையில் விபத்துக்குப் பிறகு அவரே அவசரமாக அளவைத் தட்டியிருந்தார். நொயெமி அதில் ஓடிய உருப்படி முடியும்வரை பொறுத்து, மெயினை அணைத்தாள். பத்து எண்ணிவிட்டுப் போட்டாள். திரையில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். நூற்றிப்பத்துக்கு நேரே ஒன்றுமில்லை.

"பாருங்க."

ஷிஃப்டில் இருந்த ஏழு ஆண்கள் பார்த்தார்கள். பிறகு தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள்.

"சரி, அதுக்கென்ன இப்போ? கையெழுத்தப் போடு," என்றார் அபெலார்தோ.

அவள் தாளை நான்காக மடித்து, மாதாவின் காலடி ரோஜாக்களுக்கு அடியில் செருகினாள். சாப்பாட்டு டப்பாவையும் தன் சொந்த வெர்னியர் அளவுகோலையும் எடுத்துக்கொண்டு, பட்டப்பகலில், பெரிய கதவு வழியாகவே வெளியே நடந்தாள்.