டர்ன்பைக்கில் என் மீது குறுக்கு விசாரணை

மகளுக்கு நாளை பள்ளியில் மாதிரி வழக்கு. அவள்தான் வக்கீல். இன்று டர்ன்பைக் என்ற சுங்க நெடுஞ்சாலையின் டிராஃபிக்கில், பயிற்சிக்குச் சாட்சியாக என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"எஸ் ஆர் நோ மட்டும்தான், அப்பா. சனிக்கிழமை பிரியா ஆன்ட்டி ஃபோன் பண்ணப்போ, 'கிளம்பிட்டோம், டென் மினிட்ஸ்'னு சொன்னீங்களா?"

"எஸ்."

"அப்போ நீங்க குளிச்சிருந்தீங்களா?"

"அது வந்து..."

"எஸ் ஆர் நோ?"

"நோ."

"அதே ஆன்ட்டிகிட்ட, நான் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் படிக்கப்போறேன்னு சொன்னீங்களா?"

"எஸ்."

"அதை என்கிட்ட கேட்டீங்களா?"

முன்னால் ஒரு காரும் நகரவில்லை. பக்கத்தில் எக்ஸிட்டும் இல்லை.

பின்சீட்டிலிருந்து மனைவியாவது 'ஆப்ஜெக்ஷன்' சொல்வாள் என்று கண்ணாடியில் பார்த்தேன்.

"கேக்கறா இல்ல, சொல்லுங்க" என்றாள்.

பெற்றோர்களே, அந்தக் கடைசிக் கேள்விக்கு 'எஸ்' சொல்லக்கூடியவர் யாராவது இருந்தால் கமெண்டில் வாருங்கள். நான் இன்னும் காருக்குள்தான் இருக்கிறேன்.