ரோமாபுரி வைரவர்

எண்பதுகளின் நடுவில் ஆக்லாந்தில் எங்களுக்கென்று கோயில் கிடையாது. அதற்காகச் சாமி இல்லாமல் இருக்க முடியுமா? புக்கெகோஹியில் வெங்காயம் பொதி செய்யப் போன என் கணவர், தோட்டத்து ஓரம் கிடந்த கருங்கல் ஒன்றைக் காரில் ஏற்றி வந்தார். நியூ லின்னில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்வளவில், எலுமிச்சை மரத்தடியில் அதை நட்டு, எண்ணெய் பூசிப் பொட்டு வைத்தோம். அவ்வளவுதான், வைரவர் குடிவந்துவிட்டார். யாழ்ப்பாணத்து வைரவருக்குக் கூரை வேண்டாம், ஐயரும் வேண்டாம். மரமும் வடைமாலையும் போதும்.

வீட்டுக்காரரான வெள்ளைக்காரருக்குத்தான் அவரைப் பிடிக்கவில்லை. வளவைப் பார்க்க வந்தவர் எண்ணெய்ப் பிசுக்கையும் மைனா கொத்திய வடையையும் கண்டு மூக்கைச் சுளித்தார். "சனிக்கிழமை திரும்ப வருவேன். அதற்குள் இந்தக் குப்பையை எடுத்துவிடுங்கள்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஊரை விட்டு ஓடிவந்த பிறகு நான் மனசு விட்டுக் கதைத்தது அந்தக் கல்லோடு மட்டும்தான்.

அப்போது ஆங்கிலம் பழகவென்று ஹென்டர்சனில் மாலை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். இடமிருந்த ஒரே வகுப்பு பண்டைய ரோமாபுரி! அந்த வாரப் பாடம் ரோம நாட்டுப்புறத்தின் புனித இடங்கள். குடியானவன் வயல் எல்லையில் கல் நட்டு எண்ணெய் பூசுவானாம், மாலை போடுவானாம். தோப்பில் மரம் தறிக்குமுன், அங்கிருக்கும் தெய்வம் ஆணா பெண்ணா என்று தெரியாமலே மன்னிப்புக் கேட்டுப் பன்றி பலி கொடுப்பானாம். வகுப்பே வாய் பிளந்து கேட்டது. என் வீட்டுப் பின்வளவுக்கு வந்தால் நேரிலேயே பார்க்கலாம் என்றேன்.

சனிக்கிழமை விரிவுரையாளர் கமராவோடு வந்தார். வீட்டுக்காரரும் வந்து சேர்ந்தார். விரிவுரையாளர் கல்லின் முன் முழந்தாளிட்டார், கும்பிட அல்ல, படம் எடுக்க. "அப்படியே ரோமர்களின் வழிபாடு! இதைக் கட்டாயம் காப்பாற்ற வேண்டும்" என்றார். வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! குப்பை என்று சொன்ன மனிதர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"பாத்தீரே, எங்கட வைரவர் வெள்ளைக்காரனாயிட்டார்" என்று என் கணவர் காதுக்குள் சிரித்தார்.

"சும்மா இருங்கோ. தப்பிட்டாரெல்லே, அது காணும்" என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை எண்ணெய்க் கிண்ணத்தோடு மரத்தடிக்குப் போனேன். வீட்டுக்காரர் கல்லைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, சுற்றிவரக் கம்பிவேலி அடித்துக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த கிண்ணத்தைக் கண்டதும் பதறிப்போய்க் குறுக்கே வந்தார்.

"தயவுசெய்து இனி இதில் எதையும் பூசாதீர்கள்" என்றார். "இது புனிதமான பொருள்."