தொடையில் குடியிருந்த இரைச்சல்

மாரிசாமியின் வலது தொடையில் கை வைத்தால், தேன்கூட்டைத் தொட்டதுபோல ‘கிர்ர்’ என்று அதிரும். அவர் மனைவி வடிவுக்கு அது பழகிப்போன ஓசை. இருபது வருஷத்துக்கு முன்னால் சொந்த ஊரான கௌதள்ளியில், சோளக்காட்டில் பன்றி விரட்டப் போன சாயங்காலம், பக்கத்துக் காட்டுக்காரர் சுட்ட நாட்டுத் துப்பாக்கியின் ரவை அங்கே பாய்ந்தது. காயம் ஆறிச் சில மாதம் கழித்துத்தான் அதிர்வு தொடங்கியது. உயிரைக் காத்த மலைச்சாமி மாதேஸ்வரன், அவர்கள் வாயில் மாதப்பன், அங்கேயே தங்கிவிட்டார் என்று இருவரும் நம்பினார்கள். அமாவாசைதோறும் தழும்பில் திருநீறு பூசிக் கும்பிட்ட பிறகுதான் வீட்டில் சோறு.

மைசூருக்குப் பிழைக்க வந்து, ஹெப்பாளில் ஒரு கம்பெனியில் அவர் தோட்ட வேலைக்குச் சேர்ந்த புதிது. குடியிருந்தது ஒற்றை அறை. கைக்குழந்தை தாரணி அழுதால் அந்தத் தொடையில் தலை சாய்த்துவிடுவார்கள். இரைச்சலைக் கேட்டபடியே தூங்கிப்போவாள். வெளியே மழை, உள்ளே குழந்தை, கூடவே சாமி. அந்த நாட்களை நினைத்தால் வடிவுக்கு இப்போதும் நெஞ்சு நனையும்.

இந்த வருஷம் அந்தக் கால் வீங்கியது. கணுக்காலுக்கு மேலே வந்த புண் ஆறவே இல்லை. படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தொடையில் குழாய் வைத்துக் கேட்டார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இரண்டு ரத்தக்குழாய்களையும் ரவை கிழித்திருக்கிறது, நடுவே வழி விழுந்து, பாதத்துக்குப் போகிற ரத்தம் பாதியிலேயே திரும்பிவிடுகிறது, இரைச்சல் அதனுடையதுதான், அடைக்காவிட்டால் காலுக்கும் ஆபத்து, இதயமும் தளரும் என்று பொறுமையாகச் சொன்னார்.

மாரிசாமி ஒத்துக்கொள்ளவில்லை. சாமியை அடைத்துவிட்டு எந்த முகத்தோடு மலை ஏறுவது என்றார். வடிவுக்கும் பயம்தான். ஆஸ்பத்திரி வாசலில் கண்ணை மூடிக் கும்பிட்டாள். உத்தரவு எதுவும் கிடைக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது புண்ணில் ஈ மொய்த்தது.

“ஏனுங்க, மாதப்பனுக்கு அத்தாம் பெரிய மலை இருக்குது. உங்க தொடையிலயா வந்து குடியிருக்கோணும்? கால் போச்சுன்னா, அவரப் பாக்க என்ற முதுகுலயா வருவீங்க?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கண் கலங்கியது. சரியென்று தலையசைத்தார்.

ஆபரேஷன் முடிந்து வார்டுக்குக் கொண்டுவந்ததும், “இருக்குதா புள்ள?” என்று கேட்டார்.

வடிவு தொடையில் போட்டிருந்த கட்டின் மேல் உள்ளங்கையை மெல்ல வைத்துப் பார்த்தாள். ஆளில்லாத வீடுபோல் இருந்தது. பொய் சொல்ல மனம் வரவில்லை.

“இல்லீங்க. அடங்கிப்போச்சு.”

போர்வையை விலக்கிப் பாதத்தைத் தொட்டாள். வருஷக்கணக்கில் சில்லென்று கிடந்த விரல்கள் வெதுவெதுப்பாக இருந்தன. குனிந்து அவற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.