அண்ணையை மறிக்க வாங்கின லான்மாஸ்டர்

வெங்காயம் அழுகினா ஒரு மணம் வரும்... மூக்குக்குள்ளை ஏறினா லேசிலை போகாது. எண்பத்தஞ்சிலை எங்கடை வீடு முழுக்க அந்த மணம்தான். சண்டையாலை பாதை பூட்டு, கொழும்பு லொறி வரேல்லை. பிடி பிடியாக் கட்டிக் கூரை வளையிலை தூக்கின வெங்காயம் எல்லாம் தலைக்கு மேலை கிடந்து அழுகினது.

கீரிமலைக்குக் கிட்டத்தான் வீடும் தோட்டமும். ஐயா, அம்மா, அண்ணை, நான். நான் அப்பதான் ரீச்சரா வேலைக்குச் சேர்ந்திருந்தன்.

அந்த வருசம் உழவு மாடு ஒண்டு வருத்தம் வந்து செத்துப் போச்சு. ஒத்தை மாட்டை வைச்சு என்ன செய்யிறது... மற்றதை வந்த விலைக்கு வித்தாச்சு.

அப்பதான் அண்ணை தொடங்கினார். "ஐயா, லான்மாஸ்டர் ஒண்டு எடுப்பம். எங்கடை தோட்டத்தையும் உழலாம், கூலிக்கும் போகலாம்."

லான்மாஸ்டர் எண்டா தெரியும்தானே... பின்னாலை நடந்து பிடிச்சு உழுற ரெண்டு சில்லு மெசின். பெட்டியைக் கொழுவினா சாமானும் ஏத்தலாம்.

அம்மாவுக்கு வேறை யோசினை. இளம் பெடியள் எல்லாரும் வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டுக் கொண்டிருந்த காலம். ஆமி ட்ரக் சத்தம் கேட்டா, அண்ணையின்ரை சைக்கிள் எங்கை நிக்குது எண்டுதான் அம்மா முதல் பாப்பா. "உந்தக் காசை வெளியிலை அனுப்புற ஏஜென்சிக்காரனுக்குக் குடுத்தா, பிள்ளை எங்கையாவது உயிரோடை இருப்பான்" எண்டா.

மெசினோ, ஏஜென்சியோ... ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே காசு. அந்தக் காசு எங்களிட்டை இல்லை.

அண்ணை ஒரேயடியாச் சொல்லிப்போட்டார். "நான் போகேல்லை அம்மா. அங்கை போய்க் கோப்பை கழுவுறதிலும் பாக்க இஞ்சை நிண்டு மண்ணைக் கிளறுறன்."

ஐயாவும் நானும் யாழ்ப்பாணம் ரவுணிலை பாங்குக்குப் போனம். ஐயா நல்ல வேட்டி கட்டி, சால்வை போட்டு... மனேச்சர் தன்மையாத்தான் கதைச்சார். பிணைக்குக் கையெழுத்து வைக்க ரெண்டு அரசாங்க உத்தியோகத்தர் வேணுமாம். "நான் ரீச்சர்" எண்டன். "வேலை நிரந்தரமாகாமல் உங்கடை கையெழுத்தை எடுக்கேலாது தங்கச்சி" எண்டார். பிறகு குரலைத் தணிச்சு, "எடுத்தாலும்... இந்தப் பக்கத்துக்கு இப்ப கடனைக் குறைக்கச் சொல்லி மேலிடத்திலையிருந்து சொல்லியிருக்கினம்."

பஸ்ஸிலை வரேக்கை ஐயா சால்வையை மடிக்கிறதும் விரிக்கிறதுமா வந்தார்.

வீட்டை வந்து விசயத்தைச் சொல்ல, அம்மா தாலிக்கொடியிலை கையை வைச்சா. "விசர்க்கதை கதையாதை" எண்டு ஐயா எழும்பிப் போட்டார். அதை அடகு வைச்சாலும் காசு காணாது.

மிச்சம் இருந்தது ஒண்டுதான். எனக்குச் சீதனமெண்டு ஒதுக்கின கிணத்தடிக் காணி. மானிப்பாயிலை ஒரு சம்பந்தம் பேசி, சாதகமும் பொருந்தியிருந்தது. மாப்பிள்ளை கச்சேரியிலை, அரசாங்கக் கந்தோரிலை, கிளாக். ஒருக்காக் கோயிலிலை கண்டனான்... பிடிச்சிருந்தது. காணியை ஈடு வைச்சா அந்தக் கலியாணம் நடக்காது எண்டு எல்லாருக்கும் தெரியும். அதாலை ஒருத்தரும் வாய் திறக்கேல்லை.

நான்தான் சொன்னன். "ஐயா, என்ரை காணியை ஈடு வையுங்கோ."

"உன்ரை சீவியத்தை அடகு வைச்சு எனக்கு மெசின் வேண்டாம்!" அண்ணை கத்தினார்.

"அப்ப ஏஜென்சிக்குப் போறியளோ?" எண்டன்.



ஐயா என்னைப் பாக்கேல்லை. நிலத்தைப் பாத்துக்கொண்டு, "ரெண்டு வருசத்திலை மீட்டுத் தாறன் பிள்ளை" எண்டார். அம்மா குசினிக்குள்ளை போனவ... பானை கழுவுற சத்தம் கனநேரமாக் கேட்டது.

ஏன் அப்பிடிச் சொன்னனி எண்டு பிறகு கனபேர் கேட்டிருக்கினம். தியாகம் ஒண்டுமில்லை. அண்ணை இல்லாத வீட்டை என்னாலை நினைக்கவே ஏலாமல் இருந்தது.

மானிப்பாய்க்காரர் பிறகு வரேல்லை. இல்லை எண்டு சொல்லி விடவுமில்லை.

மெசின் வந்தது. அண்ணை பண்டத்தரிப்பு வரைக்கும் கூலி உழவுக்குப் போவார். திரும்பி வரேக்கை கண்ணிமை எல்லாம் செம்புழுதி. சண்டை, ஊரடங்கு எண்டு மாறி மாறி வந்ததிலை, ரெண்டு வருசம் எண்டது நாலாச்சு. ஒருமாதிரி மீட்டம். ஐயா காணி உறுதிப் பத்திரத்தைக் கொண்டுவந்து என்ரை கையிலை தந்தார்.

அடுத்த வருசம் தொண்ணூறு. ஷெல் விழ விழ ஊரே வெளிக்கிட்டது. மீட்ட காணி, கிணறு, வீடு... எல்லாத்தையும் விட்டிட்டு, லான்மாஸ்டர் பெட்டியிலை அம்மாவை ஏத்திக்கொண்டு கோப்பாய்க்கு வந்து, ஒரு சொந்தக்காரற்றை வளவிலை கொட்டில் போட்டம். எங்கடை ஊரிலை பிறகு ஆமிதான் இருந்தது.

டீசல் வரத்து நிண்டது. அண்ணை மெசினைச் சாக்காலை மூடி வைச்சார். பின்னேரங்களிலை சாக்கை விலக்கி, கைபிடியைத் துடைச்சுப்போட்டுத் திருப்பி மூடுவார். ஐயா அந்தக் கொட்டிலிலைதான் கண்ணை மூடினவர்.

ஒருநாள் அம்மா சொன்னா... "தம்பி, உந்த மெசினை வித்துப்போட்டு நீ போ."

இந்தமுறை அண்ணை மாட்டன் எண்டு சொல்லேல்லை.

மெசினை வாங்க வன்னியிலையிருந்து ஒருத்தர் வந்தார். அவர் கொண்டுவந்த டீசலை விட்டு, ஸ்டார்ட் பண்ணி, படலையாலை வெளியிலை எடுத்துக் குடுத்தது அண்ணைதான். ஏஜென்சிக்கு அதுவும் காணேல்லை. ஐயா இல்லாத அம்மாவின்ரை தாலிக்கொடியும் அதோடை போச்சு. அண்ணையை மறிக்க எடுத்த மெசின்... அண்ணையை அனுப்பி வைச்சுது.

ஜேர்மனியிலை கனகாலம் கோப்பைதான் கழுவினார். அவருக்கு அங்கை நிக்க விசா கிடைக்க முந்தி அம்மா செத்துப் போனா. செத்தவீட்டுக்கும் வரேலாமல் போச்சு. எனக்குக் கலியாணம் பிந்தித்தான் நடந்தது... குறை சொல்ல ஒண்டுமில்லை.

இப்ப ஆமிக்காரர் ஊரை விட்டிட்டாங்கள். நானும் திரும்பி வந்து இருக்கிறன். தவணைக்கு மெசின் குடுக்கிற லீசிங்காரர் வீட்டு வாசலுக்கே வருகினம். அடையாள அட்டை, கரண்ட் பில், ரெண்டு கையெழுத்து... கிழமை முடிய முதல் மெசின் முத்தத்திலை நிக்கும். பக்கத்து வீட்டுப் பெடியனும் அப்பிடித்தான் ஒண்டு எடுத்தவன்.

போன மாசம் அவன்ரை தாய் வந்தா. "ரீச்சர், உவன் மெசினைத் திருப்பிக் குடுத்திட்டுக் கனடாவுக்குப் போகப்போறானாம். ஒருக்கா மறியுங்கோ. நீங்கள் சொன்னாக் கேப்பான்."

நான் தேத்தண்ணி போட்டுக் குடுத்தன். அவ அதைக் குடிக்காமல் கையிலை வைச்சுக்கொண்டு, அவன் உழுதுகொண்டு நிண்ட பக்கத்தையே பாத்துக்கொண்டிருந்தா.