அப்பா கேட்டுக் கிடைக்காத கீழ் வீடு

அப்பா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு மலருக்கு அப்பாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடு என்று அண்ணன் கேட்டான். நல்ல வார்த்தைகளுக்குப் பஞ்சமில்லை, அவற்றையும் எழுதுகிறேன். ஆனால் கோபத்தை விழுங்கிக்கொண்டு எழுத எனக்கு வரவில்லை. "வாய மூடு, காரியம் முடியட்டும்" என்று போன வருடம் என்னை உறவுக்காரர்களான நீங்கள் எல்லோருமாகச் சேர்ந்து அடக்கினீர்கள். காரியம் முடிந்து ஒரு வருடம் ஆகிவிட்டது.

அந்தக் காரியத்தன்று பந்தியில் உட்கார்ந்திருந்த உறவினர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, ரிட்டயர் ஆன பணத்துல ரெண்டு வீடு கட்டி வாடகைக்கு வுடலாம்னு இருக்கறேன். உங்கப்பா எப்படிச் செஞ்சாருன்னு கொஞ்சம் சொல்லேன்" என்றார். அப்பாவின் படத்துக்குப் போட்ட மாலை அப்போது வாடக்கூட இல்லை. அவரைத் தொடர்ந்து இன்னும் இரண்டு பேர் அதையே கேட்டார்கள். அன்றைக்கு நான் அங்கிருந்து போய்விட்டேன். இப்போது எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

அப்பா வில்லியனூரை அடுத்த கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். மீசை முளைக்கும் முன்பே பஞ்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். ஆலை மூடப்பட்டபோது எங்களுக்குப் பள்ளிக்கூட வயது. கிடைத்த பணத்தில் பாதியைக் கடனுக்கும் மீதியைக் குடிக்கும் தொலைத்தவர்கள் பலர். அப்பா அதைத் தொடாமல் வைத்துவிட்டு, லோடு ஆட்டோ ஓட்டி எங்களைக் காப்பாற்றினார். அந்தப் பணத்தில்தான் மூலக்குளத்தில் மனை வாங்கினார்.

மனை பார்க்க எல்லோரும் வெயில் காலத்தில் போவார்கள். அப்பா ஐப்பசி அடைமழையில் குடை பிடித்துக்கொண்டு போய் நின்றார். தரகர் புகழ்ந்த முதல் மனையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. இரண்டாவது மனையில் தண்ணீர் தானாக வடிந்தது, அதைத்தான் பேசினார். வில்லங்கச் சான்றை எழுத்துக் கூட்டிப் படித்தார். விற்பவரோடு மனையில் பங்குள்ள அக்கா ஒருவர் பிரான்சில் இருக்கிறார் என்று தெரிந்ததும், அந்த அம்மாவின் சம்மதம் கையில் வராமல் முன்பணம் கொடுக்க மாட்டேன் என்று நாலு மாதம் காத்திருந்தார். தரகர் கேலி செய்தார். அப்பா அசையவில்லை. இனி மனை வாங்கப் போகிறவர்கள் இதையெல்லாம் அப்படியே பின்பற்றலாம்.

கீழே ஒரு வீடு, மாடியில் எதிரெதிராக இரண்டு என்று கட்டினார். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மின்சார மீட்டர். குழாய்களை எல்லாம் சுவருக்கு வெளியே விட்டார், பின்னால் ஒழுகினால் டைல்ஸை உடைக்க வேண்டாம் என்று. வருடத்தில் ஒரு மாதமாவது வீடு காலியாகக் கிடக்கும், ஒரு மாத வாடகை ரிப்பேருக்கே போய்விடும் என்று எண்ணித்தான் செலவு செய்வார். வாடகையை நம்பி ஒரு சீட்டும் கட்டியதில்லை. குடிவந்தவர் குழாய் ஒழுகுகிறது என்றால் அன்று சாயங்காலமே ஸ்பேனருடன் போய் நிற்பார். "அவங்க இருக்கற வரைக்கும் அது அவங்க வூடு. கதவத் தட்டிட்டுதான் போவணும்" என்பார்.

அப்பா செய்த தவறுகள் இரண்டு. முதலாவது படிக்கட்டு. இடத்தை மிச்சம் பிடிக்க வெளிப்பக்கமாக, குறுகலாக, செங்குத்தாக வைத்தார். கீழ் வீட்டுக்கு வாடகை கூடுதலாகக் கிடைக்கும் என்பதால் நாங்கள் மாடியில் குடியேறினோம். "வயசானா ஏறி எறங்க முடியாதுங்க" என்று கொத்தனார் அப்போதே சொன்னார். "வயசானா நான் கீழ வந்துடுவேன், அதுக்கென்ன?" என்று அப்பா சிரித்தார்.

இரண்டாவது தவறு, அந்தக் கீழ் வீட்டை அம்மாவின் தம்பிக்கு விட்டது. மாமா அப்போது இருந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். "ரெண்டே வருஷம்க்கா. நான் வூடு கட்டிக்கினு போயிடறேன்" என்று வந்து நின்றார். மாடியில் எதிர் வீட்டுக்குக் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் வந்தபோது, அப்பா பதினோரு மாத அக்ரிமெண்ட் போட்டார். அதே போன்ற பத்திரத்தை மாமாவிடமும் நீட்டினார். அம்மா அதைப் பிடுங்கிக்கொண்டார். "எந்தம்பி கிட்ட கையெழுத்து வாங்குவீங்களா? ஊர்ல நாலு பேரு என்னா பேசுவாங்க?" என்றார். அப்பா பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு மாடிக்கு வந்துவிட்டார். வீடு வாடகைக்கு விடப் போகிறவர்களே, நம் ஜனம் எல்லோரும் செய்யும் தவறு இது. ஊர் பேர் தெரியாதவரிடம் பத்திரம் கேட்போம். சொந்தக்காரரிடம் கேட்டால் அவமானம்.

மாமா வாடகையை ஒழுங்காகத்தான் கொடுத்தார், அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். இரண்டு வருடம் பதினோரு வருடமாயிற்று. இடையில் வில்லியனூரில் அவர் வீடும் கட்டினார். அதை வாடகைக்கு விட்டார். அங்கே குடிவந்தவரிடம் பதினோரு மாத அக்ரிமெண்டும் வாங்கினார்.

பிறகுதான் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கால் இழுத்துக்கொண்டது. தினமும் தெருவில் அரை மணி நேரம் நடந்தால் காலுக்குத் தெம்பு திரும்பும் என்று பயிற்சி கொடுத்தவர் சொன்னார். தெருவுக்கு வர வேண்டுமென்றால் அந்தப் படியில் இறங்க வேண்டும். இரண்டு முறை நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கி இறக்கினோம். மூன்றாம் முறை வேண்டாம் என்று அப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதற்கு முன் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

மாமாவிடம் அப்பா காலி செய்யக்கூடச் சொல்லவில்லை. "மச்சான், நீ மேல வந்துடு, நாங்க கீழ வந்துடறோம். அதே வாடகதான்" என்று மட்டும் கேட்டார். மகனுக்குப் பரீட்சை முடியட்டும் என்றார் மாமா. பரீட்சை முடிந்ததும் ஆடி வந்தது, ஆடியில் வீடு மாறக் கூடாது. பிறகு புரட்டாசி. பிறகு மார்கழி. தை பிறந்ததும் மகளுக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், பெண் பார்த்த வீட்டிலிருந்துதான் பெண்ணை அனுப்ப வேண்டுமாம். கல்யாணம் முடிந்து பெண் கர்ப்பமாக வந்தாள், மாசமாக இருக்கும் பெண் இருக்கிற வீட்டை மாற்றக் கூடாதாம். குழந்தை பிறந்ததும் மாடி வெயில் பச்சைக் குழந்தைக்கு ஆகாது என்றார்கள். நம் பஞ்சாங்கத்தில் மாமாவுக்கு என்று ஒரு நல்ல நாள்கூட இல்லாமல் போயிற்று.

உறவுக்காரர்களே, பேசித் தீர்த்து வைக்க உங்களையும் கூப்பிட்டோம். பெரியப்பா தலைமையில் ஆறு பேர் வந்து உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டீர்கள். "ரெண்டு பக்கமும் நம்ம சனம். நாங்க யாருக்குன்னு பேசறது?" என்று கை கழுவிவிட்டுப் போனீர்கள். போகும்போது ஒவ்வொருவராக அந்தப் படியில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினீர்கள். கேஸ் போடலாம் என்று அண்ணன் குதித்தான். "போட்டுட்டு உங்கம்மா மூஞ்சில எப்படி முழிக்கறது?" என்று அப்பா தடுத்துவிட்டார். அப்பாவின் மேலும் எனக்குக் கோபம்தான். என் மேலும்தான். "வுடுங்கப்பா, ஹால்லயே நடங்க" என்று சொன்னவள் நான். ஒன்பதடி ஹாலில் அவர் இரண்டு வருடம் போவதும் வருவதுமாக இருந்தார். தெம்பு திரும்பவில்லை. ஜன்னல் ஓரம் நின்று தெருவைப் பார்ப்பார்.

ஒரு காலையில் காபி டம்ளரைக் கீழே வைத்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஐஸ் பெட்டி கொண்டுவந்தவர்கள் படியைப் பார்த்துவிட்டு, இதில் ஏறாது என்றார்கள். அப்போது மாமா கீழேயிருந்து குரல் கொடுத்தார்.

"கீழயே வைங்கப்பா. இது அவரு வூடுதான?"

சோபா வெளியே வந்தது. டிவி வந்தது. கட்டில் வந்தது, பேரனின் தூளியை அவிழ்த்தார்கள். பத்து நிமிடத்தில் கூடம் காலியாகிவிட்டது. அப்பாவைப் போர்வையில் வைத்துத் தூக்கி இறக்கி, அவர் இரண்டு வருடம் கேட்ட இடத்தில் படுக்க வைத்தோம். வந்தவர்கள் எல்லாம் மாமாவின் பெருந்தன்மையைப் பாராட்டினார்கள். நான் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். "நாந்தான்டி அந்தப் பேப்பரப் புடுங்குனேன்" என்று அம்மா என் காதில் சொல்லிச் சொல்லி அழுதார்.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்கிறேன். வேலை முடிந்து வந்த களைப்போடு தினமும் அப்பாவின் காலைப் பிடித்துப் பயிற்சி கொடுத்த எதிர் வீட்டு நர்ஸ் பெண்கள் இருவருக்கும், அன்று முதல் ஆளாக ஓடிவந்து போர்வையின் ஒரு முனையைப் பிடித்த பக்கத்துத் தெரு ஆட்டோ ஓட்டுநர்களுக்கும், அப்பாவின் பஞ்சாலைத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பஜ்ஜி சாப்பிட்டுப் போன ஆறு பேருக்கு நன்றி சொல்ல என்னால் முடியவில்லை.

இந்த மலரின் முதல் பிரதி கீழ் வீட்டுக்குப் போகிறது. மாமா, சாவு எடுத்த வீட்டை ஒரு வருடத்துக்கு விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று பதினாறாம் நாள் சொன்னீர்கள். அந்த ஒரு வருடம் இன்றோடு முடிகிறது. அம்மாவுக்கு இடது முழங்கால் மடங்குவதில்லை. பால் வாங்க இறங்கினால், படியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் மேலே வருகிறார். அவர் உங்கள் அக்கா. அந்தக் கூடத்தைக் காலி செய்ய உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.