தவமணியின் மஞ்சள்

தெஹியோவிட்டத் தேயிலைத் தோட்டத்து ஆபீசைப் பசுமை முறையில் மாற்ற, புதுப்பலகை வாங்காமல் மண்சரிவில் இடிந்த லயத்துத் தொழிலாளர் வீடுகளின் மரச்சட்டங்களையே எடுத்தார்கள். அதில், 'பாஸ்' என்று எல்லாரும் கூப்பிடும் தச்சன் முத்துவீரன் வீட்டு வாசல் நிலையும் அவன் கைக்கே வந்தது. அதே மண்சரிவில் செத்துப்போன அவன் மனைவி தவமணி வெள்ளிக்கிழமை தவறாமல் பூசிய மஞ்சள் இன்னும் அதில் ஒட்டியிருந்தது.

"பாஸ், இத பெஞ்சா அடிங்க. அந்தக் கலர் அழகு, சீவாதீங்க," என்றாள் கொழும்பு டிசைனர் மிஸ்.

"பொண்டாட்டி பொட்டு வச்சு கும்புட்ட நெலைங்க மிஸ். அதுமேல ஆளு குந்தலாமா? செவுத்துல மாட்டிர்றேன்."

"செவுத்துக்குப் படம் வருது பாஸ். பெஞ்சுதான் வேணும்."

அவள் சாப்பிடப் போனதும் முத்துவீரன் சீவுளியை எடுத்தான். எவனெவனோ குந்துவதற்கு முன்னால், தவமணி கைபட்ட இடத்தைத் தானே சீவித் தள்ளினான். காலடியில் விழுந்த மஞ்சள் சுருள்களைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டான்.