ஏழு குடும்பச் சீட்டு

அந்தச் சீட்டுக்கட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. கட்டு என்பது கொஞ்சம் பெரிய வார்த்தைதான். பால்மாப் பெட்டியின் அட்டையைக் கத்தரித்து, உட்பக்கத்தில் பேனாவால் ஆட்களை வரைந்து செய்தது. வெளிப்பக்கத்தில் பெட்டியிலிருந்த பசுமாடு துண்டு துண்டாக இருக்கும். ஒரு சீட்டில் காது, ஒன்றில் கொம்பு, ஒன்றில் வெறும் புல். அதனால் யார் கையில் என்ன சீட்டு இருக்கிறது என்பது எதிரே உட்கார்ந்திருப்பவருக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். அப்படி ஒரு கட்டை வைத்துக்கொண்டு யாராலும் நேர்மையாக விளையாட முடியாது. நாங்களும் நேர்மையாக விளையாடவில்லை. பிஸ்கட் டின்னில் பத்திரமாக இருக்கும் அந்தக் கட்டில் ஒரு சீட்டு மட்டும் இல்லை. அதன் வெளிப்பக்கத்தில் பசுவின் கண் இருக்கும். உட்பக்கத்தில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள்.

அதை வரைந்தவள் என் நாத்தனார். றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே இருக்கும் இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது, நாத்தனார் இருக்கும் வீடு, பார்த்து நடந்துகொள் என்று என் வீட்டில் ஆளாளுக்குப் புத்தி சொல்லி அனுப்பினார்கள். வந்து பார்த்தால், அந்த நாத்தனார் ஹட்டன் கடைத்தெருவில் ஒரு சீப்பு வாங்கக்கூட என்னை முன்னால் தள்ளிவிட்டு என் முதுகுக்குப் பின்னால் நிற்கிற பிள்ளை. ஹட்டனில் ஒரு தனியார் மருத்துவமனையில் நோயாளிகளைப் பராமரிக்கும் வேலை அவளுக்கு. அங்கே மட்டும் எப்படியோ பேசிவிடுவாள். படுத்திருப்பவர்களிடம் பேசுவது அவளுக்குச் சுலபமாக இருந்தது போலும்.

அவளுக்குக் கனடாவில் பிரெஞ்சு பேசும் பக்கமாக, முதியோர் இல்லம் ஒன்றில் வேலைக்கு ஒரு வழி திறந்தது. அதற்கு பிரெஞ்சுப் பரீட்சை ஒன்றில் தேற வேண்டும். ஏன் அவ்வளவு தூரம் என்று நான் கேட்டபோது, "எங்கம்மா ஒரு நாளாவது கதவு இருக்குற ரூம்ல படுக்கணும் அண்ணி" என்றாள். சுவரோடு சுவர் ஒட்டிய லயத்து வீடுகளில், எங்கள் காம்பராவில் வாசலுக்குத்தான் கதவு. உள்ளே எல்லாம் சேலைத் திரைதான். கொழுந்து பறித்தே முதுகு வளைந்துபோன என் மாமியார் இன்றைக்கும் அடுப்படிப் பக்கத்தில்தான் படுக்கிறார். அவள் கேட்டதில் என்ன தப்பு சொல்ல முடியும்?

கைப்பேசியில் வகுப்பு நடந்தது. எங்கள் வீட்டில் சிக்னல் வராது. ஆகவே கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போய், குளிரில் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்று படிப்பாள். எழுத்தில் கெட்டிக்காரி. ஆனால் கொழும்பில் நடந்த முதல் பரீட்சையில் எழுத்தில் தேறி, பேச்சில் விழுந்தாள். பரீட்சகர் கேள்வி கேட்டதும் வாய் ஒட்டிக்கொண்டுவிட்டதாம். திரும்பி வந்து முன்வாசல் இஸ்தோப்பில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். இன்னும் ஒரு தடவைதான் எழுதலாம், அதிலும் தவறினால் அந்த வேலை வேறு யாருக்காவது போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

நான் தோட்டப் பாடசாலையில் மூன்றாம் தரத்துக்குப் படிப்பிக்கிறவள். வாயைத் திறக்காத பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களைப் பேசு பேசு என்றால் இன்னும் இறுகுவார்கள். பந்தைக் கையில் கொடுத்து, பிடித்தவன் ஒரு சொல் சொல்லவேண்டும் என்றால், பந்து மேல் இருக்கும் ஆசையில் சொல் தன்னால் வந்துவிடும். இதையே நாத்தனாரிடம் செய்து பார்த்தேன். பந்தைப் பிடித்துவிட்டு, "என்னையும் மூணாம் வகுப்புல சேத்துட்டீங்களா அண்ணி?" என்று சிரித்தாளே தவிர, பிரெஞ்சு வரவில்லை.

அப்போதுதான் அவளுடைய வகுப்பில் இந்த விளையாட்டைச் சொல்லிக் கொடுத்தார்கள். ஏழு குடும்பங்கள். ஒவ்வொன்றிலும் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, மகன், மகள் என்று ஆறு பேர். ஏதாவது ஒரு குடும்பத்தை முழுதாகச் சேர்க்க வேண்டும். "இந்தக் குடும்பத்தில் எனக்கு இன்னார் வேண்டும்" என்று ஒருவரிடம் கேட்க வேண்டும். அவரிடம் இருந்தால் கொடுப்பார். இல்லாவிட்டால் "பியோஷ்" என்பார், கட்டிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். சீட்டை வாங்கியவர் உடனே "மெர்சி" என்று நன்றி சொல்ல வேண்டும். மறந்தால் சீட்டு கொடுத்தவரிடமே திரும்பிப் போய்விடும். ஒரு விதியை நான் சேர்த்தேன். ஆட்டம் நடக்கும்போது தமிழில் பேசியவர் எழுந்துபோய் எல்லோருக்கும் தேத்தண்ணி போட வேண்டும்.

ஆட ஆள் வேண்டுமே. மாமியாரையும், றொசல்லயில் த்ரீவீல் ஓட்டும் என் வீட்டுக்காரரையும் பிடித்து உட்கார வைத்தோம். முதல் நாள் வகுப்பில் கொடுத்த படங்களை வைத்தே ஆடினோம். ரொட்டி சுடுகிறவர் குடும்பம், மீன் பிடிக்கிறவர் குடும்பம் என்று வெள்ளைக்கார முகங்கள். மாமியார் ஒரு சீட்டைத் தூரப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இவங்கல்லாம் யாரு? நமக்கு என்ன ஒறவு?" என்று கேட்டார். தேத்தண்ணி போட வேண்டியதாயிற்று. ஆனால் அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. அறியாத ஊரில் அறியாத ஆளின் பாட்டி யாருக்கு வேண்டும்?

மறுநாளே நாத்தனார் பால்மாப் பெட்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எங்கள் லயத்துக் குடும்பங்களையே வரைந்தாள். லொறி டிரைவர் வீடு, பூசாரி வீடு, கோழி வளர்க்கிறவர் வீடு, பழைய கங்காணி வீடு என்று ஆறு வீடு. ஏழாவதாக நாங்கள். டிரைவர் மனைவியின் மூக்குத்தி, கங்காணித் தாத்தாவின் தொப்பி எல்லாம் அச்சு அசல். என் மாமியார் சீட்டுக்குச் சீட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

அதற்குப் பிறகு என் நாத்தனாரின் வாயை மூடத்தான் முடியவில்லை. டிரைவர் வீட்டு அம்மாவைக் கேட்டால், அந்த அம்மா நேற்று யாரோடு சண்டை போட்டார் என்பதையும் சொல்லாமல் இருக்க முடியுமா? தமிழில் சொன்னால் தேத்தண்ணி. அதோடு, நடுச்சுவருக்கு மேலே கூரை வரை இடைவெளி. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் ஆயுசு நூறு என்பார்கள். ஆக, சண்டைக்கு என்ன சொல், கோழிக் களவுக்கு என்ன சொல், ஓடிப்போவதற்கு என்ன சொல் என்று அவள் தேடித் தேடிப் படித்து வந்தாள். புத்தகத்தில் மாதக்கணக்காக நுழையாத சொற்கள் வம்பு பேசும் ஆசையில் வரிசையாக வந்தன. பக்கத்துக் காம்பராவிலிருந்து பூசாரியின் மனைவி, "சாயங்காலத்துல என்னமோ மந்திரம் ஓதுறீங்களாமே?" என்று கேட்டுவிட்டுப் போனார். என் வீட்டுக்காரரோ, த்ரீவீலில் ஏறிய ஒரு பிரெஞ்சுத் தம்பதியிடம் தனக்குத் தெரிந்த ஒரே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறார். உங்கள் குடும்பத்தில் எனக்குத் தாத்தா வேண்டும் என்று! அவர்கள் சிரித்துச் சிரித்து, "பியோஷ்" என்றார்களாம். அன்று வீட்டுக்கு வந்தவரின் முகத்தில் இருந்த பெருமையை இன்னும் மறக்க முடியவில்லை.

அந்தக் கட்டில் ஒரு விசேஷம் உண்டு. லயத்தில் எந்தக் குடும்பமும் ஆறு பேராக நிறைந்து இல்லை. கோழிக்கார வீட்டு அம்மா சவூதியில். டிரைவர் வீட்டு மகன் கொழும்பில் கடையொன்றில். என் மாமனார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். விளையாட்டுக்கு ஆறு பேர் வேண்டும் என்பதால் நாத்தனார் எல்லோரையும் வரைந்து வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டாள். சீட்டில் மட்டும் எல்லாக் குடும்பமும் நிறைந்தது.

எங்கள் குடும்பத்துக்கும் மகன் வேண்டும், மகள் வேண்டும். எனக்கு ஒரு மகள் இருந்தாள். ஏழாம் மாதத்தில், மூச்சில்லாமல் பிறந்தாள். பார்க்க வேண்டாம் என்று சொல்லி, முகத்தை எனக்குக் காட்டவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என்னை நோகடிக்கக் கூடாது என்றுதான் பேசாமல் இருந்தார்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் பேசாமல் பேசாமல், அப்படி ஒருத்தி வரவே இல்லை என்பது போல ஆகிவிட்டது. அதனால்தான் நாத்தனார் மகளுக்கு மட்டும் முகம் வரையாமல், பின்பக்கமாக நிற்க வைத்து இரண்டு பின்னல் போட்டிருந்தாள் என்று நினைக்கிறேன். நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஒரு நாள் ஆட்டத்தில் எங்கள் குடும்பம் என் கையில் சேர்ந்துவிட்டது. மகள் மட்டும் பாக்கி. பசுவின் கண் நாத்தனாரின் கையிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். நான் வேறு எதையாவது கேட்டுத் தப்பித்திருக்கலாம். தமிழில் என்றால் செத்தாலும் அந்தச் சொல் என் தொண்டையைத் தாண்டியிருக்காது. பிரெஞ்சில் தாண்டியது. "ஜு வூத்ரே லா ஃபீய்" என்றேன். எனக்கு மகள் வேண்டும்.

நாத்தனார் சீட்டை இரண்டு கைகளாலும் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். அதற்குமேல் எனக்கு எதுவும் ஓடவில்லை. அந்தப் பின்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது மாமியாரின் குரல், தமிழில், பதற்றத்தோடு கேட்டது.

"மெர்சி சொல்லு தாயி. இல்லாட்டி திரும்பப் போயிரும்."

சொன்னேன். மாமியார் விதியை மீறியவர் அல்லவா, தேத்தண்ணி போட எழுந்து போனார். அடுப்படியில் நெடுநேரம் இருந்தார். நாங்கள் யாரும் போய்ப் பார்க்கவில்லை. தேத்தண்ணியோடு வந்தபோது முகம் கழுவியிருந்தார். தேத்தண்ணியில் சீனி போட மறந்திருந்தார். ஒருவரும் சொல்லாமல் குடித்தோம்.

அதன்பின் தண்ணீர் கொட்டும் பீலியடியில் துணி துவைக்கும்போதெல்லாம் நானும் நாத்தனாரும் என் மகளைப் பற்றிப் பேசினோம். எங்களைச் சுற்றிப் பெண்கள் குளித்துக்கொண்டிருப்பார்கள். எங்களுக்கு என்ன கவலை? இருந்தால் இப்போது நடப்பாள், இருந்தால் பல் முளைத்திருக்கும் என்று, எனக்குத் தெரிந்த நாலைந்து பிரெஞ்சுச் சொற்களில் தத்தித் தத்திச் சொல்வேன். நாத்தனார் திருத்துவாள். அழுகை வந்தாலும் அடுத்த சொல்லைத் தேட வேண்டியிருப்பதால் அது நின்றுவிடும். எனக்கு அப்படி ஒரு தோழி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அவள் நன்றாகப் பேசப் பேச எனக்கு உள்ளூர ஒரு பயம் வளர்ந்தது. அவள் தேறினால் போய்விடுவாள். தேற வேண்டும் என்றுதான் பிள்ளையார் கோயிலில் விளக்கும் போட்டேன். இரண்டுமே உண்மை.

இரண்டாம் தடவை பரீட்சகர் அவளுடைய அயலவர்களைப் பற்றிக் கேட்டாராம். கேட்டதுதான் தாமதம், போதும் என்று அவரே கையைக் காட்ட வேண்டியதாயிற்றாம். ஹட்டன் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கியவள் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு, "அண்ணி, டிரைவர் வீட்டு மானத்தக் கொழும்புல வாங்கிட்டேன்!" என்றாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் புறப்பட்ட அன்று, கேட்காமலே அந்த ஒரு சீட்டை எடுத்து அவள் கைப்பையில் வைத்தேன்.

இப்போது எங்கள் காம்பராவிலும் சிக்னல் வருகிறது. ஞாயிறு மாலை, அவளுக்கு அப்போது காலை, கைப்பேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துப் பேசுவோம். ஆரம்பத்தில் நான் ஆசையாக பிரெஞ்சில் தொடங்குவேன். "வேணாம் அண்ணி. நாள் பூரா அதுலதான் பேசுறேன். நீங்களாவது தமிழ்ல பேசுங்க, கேக்கணும் போல இருக்கு" என்றாள். நியாயம்தானே. தமிழில் பேசுகிறோம். மழை, அம்மாவின் முழங்கால், டிரைவர் வீட்டுக் கல்யாணம். என் மகளைப் பற்றி மட்டும் பேச முடிவதில்லை. அவளைப் பற்றிப் பேச எனக்கு ஒரு மொழிதான் உண்டு, அது நாத்தனாரோடு போய்விட்டது. வகுப்பில் பிள்ளைகளுக்கு இதே விளையாட்டை வைத்துச் சிங்களமும் இங்கிலீஷும் படிப்பிக்கிறேன். நன்றாகவே படிக்கிறார்கள். மணி அடித்த பிறகு, வெறும் வகுப்பறையில் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டு எனக்கு நானே பிரெஞ்சில் இரண்டு வார்த்தை பேசிப் பார்ப்பேன். திருத்த ஆள் இல்லை.

போன ஞாயிறு மாமியார் பிஸ்கட் டின்னை எடுத்துவந்து வைத்தார். ஆடுவோம் என்றார். மூன்று பேருக்கும் சீட்டுப் போட்டோம். நாத்தனாரிடம் இருந்தது அந்த ஒரு சீட்டுதான். நானும் என் வீட்டுக்காரரும் வேண்டுமென்றே விட்டுக்கொடுக்க, எங்கள் குடும்பம் மாமியார் கையில் சேர்ந்தது. அவர் சேலையைச் சரிசெய்துகொண்டு கைப்பேசியின் பக்கம் திரும்பினார். ஒரு நாளும் ஒழுங்காக வராத அந்த வாக்கியம் அன்று அவர் வாயில் பிசகில்லாமல் வந்தது.

"ஜு வூத்ரே லா ஃபீய்."

 அந்தப் பக்கத்தில் அவள் சீட்டைத் தூக்கிக் காட்டினாள். திரை முழுக்க அந்தச் சிறுமியின் முதுகும் இரண்டு பின்னல்களும். அதற்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"இரும்மா, தேத்தண்ணி போட்டுட்டு வர்றேன்."

சீட்டை எதிலோ சாய்த்து வைத்துவிட்டு அவள் எழுந்து போவது கேட்டது. "மெர்சி" என்றார் மாமியார், அவசரமாக. அவளுக்குக் கேட்டிருக்குமோ என்னவோ என்று சந்தேகம் வந்து, கைப்பேசிக்கு அருகில் குனிந்து இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னார். நாங்கள் மூன்று பேரும் கையில் சீட்டோடு அந்தப் பின்னல்களைப் பார்த்தபடி, அவள் வரும்வரை உட்கார்ந்திருந்தோம்.